ஒரே குளிர்பதனப் பெட்டியில் மூன்று பால்: செங்காங் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஐந்து பேர் வாழும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், ஏறத்தாழ நான்கு மாத காலம், குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் மூன்று வகைப் பசும்பால் அருகருகே நின்றன. உணவியல் ஆலோசகராக நான் அவ்வீட்டுக்குச் சென்றது பாலைப் பற்றிப் பேச அன்று. அவ்வீட்டு மருமகள் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். குடும்பம் முழுவதும் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வருவதில்லை. புரதமும் இரும்புச்சத்தும் போதுமான அளவில் கிடைக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லவே என்னை அழைத்திருந்தார்கள். ஆனால் முதல் சந்திப்பின் பத்தாவது நிமிடத்திலேயே பேச்சு பாலுக்குத் திரும்பிவிட்டது. குடும்பத்தாரின் இசைவுடன் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பேச்சைத் திருப்பியவர் மாமியார். காங்கேயத்துப் பக்கம் பிறந்து, திருமணத்துக்குமுன் வீட்டு மாடுகளைத் தாமே கறந்தவர் அவர். "இயற்கைப் பாலுன்னு ரெண்டு மடங்கு காசு குடுத்து வாங்கறாங்க. அதுல அப்படி என்னதானுங்க வேற இருக்குது?" என்று கேட்டார். அத்தை இப்படி எல்லாரிடமும் கேட்பார் என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாலும், இதைவிடச் சரியான கேள்வி அன்று அந்த மேசையில் எழவில்லை என்பது என் எண்ணம்.

வீட்டில் இருந்த பால்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பல ஆண்டுகளாக அவர்கள் வாங்கிவந்த, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் வழக்கமான முழுக்கொழுப்புப் பால். குளிரூட்டப்பட்ட புட்டியில் வருவது. இரண்டாவது, கருவுற்ற செய்தி தெரிந்தபின் மகன் வாங்கத் தொடங்கிய, ஐரோப்பாவில் இயற்கை முறை (ஆர்கானிக்) பண்ணைகளில் கறக்கப்பட்டு, உயர்வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைக்கப்பட்ட முழுக்கொழுப்புப் பால். மூன்றாவது, மாமனாரின் ரத்தக்கொழுப்பை மனத்தில் வைத்து வாங்கப்பட்ட, இயற்கை முறைச் சான்று பெற்ற கொழுப்பு குறைந்த பால். இந்த மூன்றாவது பாலை மாமனார் பாதியும் மருமகள் பாதியுமாகக் குடித்துவந்தார்கள். இரண்டையும் மூன்றையும் சேர்த்தால், பழைய செலவைவிட மாதத்துக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குமேல் கூடியிருந்தது. மருமகள் பாலாகவும் தயிராகவும் மோராகவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் உட்கொண்டார். சைவ உணவு உண்ணும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

மாறாதவை

எது மாறவில்லை என்பதிலிருந்து தொடங்குவதே முறை. பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். மீதியில் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை முதலிடத்திலும், கொழுப்பும் புரதமும் அடுத்தடுத்தும் வருகின்றன. புரதம், லாக்டோஸ், கால்சியம் ஆகியவற்றில் இயற்கை முறைப் பாலுக்கும் வழக்கமான பாலுக்கும் இடையே ஒரே திசையில் செல்லும் வேறுபாட்டை ஆய்வுகள் காணவில்லை. மொத்தக் கொழுப்பு மாட்டின் இனத்தையும், அது கன்று ஈன்று எத்தனை மாதமாயிற்று என்பதையும் பொறுத்துக் கூடும், குறையும். ஜெர்சி மாட்டின் பாலில் கொழுப்பு மிகுதி, ஹோல்ஸ்டைன் மாட்டின் பாலில் குறைவு. ஆனால் கடைக்கு வரும் பாலில் ஆலையே கொழுப்பின் அளவைச் சீர்செய்துவிடுவதால், வாங்குபவருக்கு அந்த வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நிறைவுற்ற கொழுப்பும் அப்படியே. பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. இயற்கை முறை இந்த அளவைக் குறைப்பதில்லை. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு நடப்பில் இருக்கும் நியூட்ரி-கிரேட் முறையை அறிந்தவர்கள் இதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம். அம்முறை சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறது. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸைச் சர்க்கரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே முழுக்கொழுப்புப் பாலின் தரத்தைத் தீர்மானிப்பது நிறைவுற்ற கொழுப்பு மட்டுமே. நூறு மில்லிலிட்டரில் அது 1.2 கிராமைத் தாண்டினால் சி. முழுக்கொழுப்புப் பால் இரண்டு கிராமுக்கும் மேலே நிற்கிறது. இந்த வீட்டின் ஐரோப்பிய இயற்கைப் பால், ஆஸ்திரேலிய வழக்கமான பால் ஆகிய இரண்டுமே சி தரம்தான். "ரெண்டுக்கும் ஒரே எழுத்துப் போட்டிருக்கே" என்று மகன் முதன்முறையாகக் கவனித்தது என் இரண்டாம் வருகையின்போதுதான்.

மாறியவை, அவற்றின் காரணம்

பால் கொழுப்பில் நிறைவுற்ற பகுதி போக எஞ்சிய சிறு மூலையில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களின் தலைமையில் 170 ஆய்வுகளைத் திரட்டி அலசிய தொகுப்பாய்வு 2016இல் வெளிவந்தது. இயற்கை முறைப் பாலில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் 56 விழுக்காடும், அவற்றுள் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 69 விழுக்காடும், சிஎல்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இணை லினோலெயிக் அமிலம் 41 விழுக்காடும் கூடுதலாக இருப்பதாக அது கணக்கிட்டது. வைட்டமின் ஈயும் இரும்பும் சற்றே கூடுதல். மறுபக்கம், வழக்கமான பாலில் அயோடின் 74 விழுக்காடும் செலினியம் 21 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. இந்த இரண்டாம் பக்கம் செய்தித்தாள் தலைப்புகளில் பெரும்பாலும் ஏறவில்லை. ஆய்வுக்கான நிதியின் ஒரு பகுதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும், ஒரு பகுதி இயற்கை வேளாண்மைக்கு ஆதரவான ஓர் அறக்கட்டளையிலிருந்தும் வந்தது. அயோடின் கணக்கையும் ஒளிக்காமல் அவர்கள் வெளியிட்டிருப்பதால், அந்த நிதியை வைத்து முடிவுகளைத் தள்ளிவிட நான் முனையமாட்டேன்.

அமெரிக்காவில் 384 மாதிரிகளைப் பதினெட்டு மாதங்கள் எடுத்துச் சோதித்து 2013இல் வெளிவந்த ஆய்வும் இதே திசையில்தான் செல்கிறது. அங்கே வழக்கமான பாலில் ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் உள்ள விகிதம் 5.77 ஆகவும், இயற்கை முறைப் பாலில் 2.28 ஆகவும் இருந்தது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை மாமியாரிடம் விளக்குவது எளிதாக இருந்தது. பாதி விளக்கத்தை அவரே சொன்னார். மழைக்குப்பின் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்த மாட்டின் வெண்ணெய் மஞ்சளாகவும் இளகியும் இருக்கும் என்றும், கோடையில் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் தின்ற மாட்டின் வெண்ணெய் வெளுத்துக் கெட்டியாக வரும் என்றும் அவர் நினைவிலிருந்து சொன்னார். இது முற்றிலும் சரி. பசும்புல்லில் உள்ள கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அதில் பாதிக்குமேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்தான். மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை ஹைட்ரஜனேற்றிப் படிப்படியாக நிறைவுற்ற கொழுப்பாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்திலிருந்து தப்பிய சிறு பகுதி பாலுக்கு வந்து சேர்கிறது. மாற்றத்தின் நடுப்படியில் வேக்சினிக் அமிலம் என்ற இடைப்பொருள் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி ரத்தத்தின் வழியே மடியை அடைந்து, அங்குள்ள ஒரு நொதியால் சிஎல்ஏவாகிறது. மக்காச்சோளமும் அடர்தீவனமும் மிகுந்த உணவில் லினோலெயிக் அமிலம் என்னும் ஒமேகா-6 வகை மேலோங்கி இருப்பதால், பாலில் ஒமேகா-6இன் பங்கு கூடுகிறது. புல்லின் பீட்டா கரோட்டினே வெண்ணெயின் மஞ்சளுக்குக் காரணம். எருமை அதை வைட்டமின் ஏயாக மாற்றிவிடுவதால் எருமை வெண்ணெய் எப்போதும் வெளுப்பு.

இயற்கை வேளாண்மை இதில் எங்கே நுழைகிறது என்றால், விதிகளின் வழியாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, இயற்கை முறை மாட்டின் அன்றாட உணவின் உலர்எடையில் குறைந்தது 60 விழுக்காடு புல், வைக்கோல், ஊறுகாய்ப்புல் (புளிக்கவைத்துப் பதப்படுத்திய பசுந்தீவனம்) போன்ற நார்த்தீவனமாக இருக்கவேண்டும் என்கிறது. கன்று ஈன்ற தொடக்க மாதங்களில் மட்டும் இதை 50 ஆகக் குறைக்கலாம். அமெரிக்க விதி, ஆண்டில் குறைந்தது 120 நாள் மேய்ச்சலும், அப்பருவத்தில் உலர்எடையில் 30 விழுக்காடு மேய்ச்சலிலிருந்தே வருவதும் கட்டாயம் என்கிறது. செயற்கைத் தழைச்சத்து உரம் கூடாது என்பதால், இப்பண்ணைகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் குளோவர் செடியைப் புல்லோடு கலந்து விதைக்கின்றன. சிவப்புக் குளோவரில் உள்ள ஒரு நொதி, பெருவயிற்று நுண்ணுயிரிகளிடமிருந்து ஒமேகா-3ஐ ஓரளவு காப்பாற்றுகிறது. ஆக, பாலை மாற்றுவது புல்லும் குளோவரும். பூச்சிக்கொல்லி தெளிக்காததோ உரம் போடாததோ நேரடியாகக் கொழுப்பு அமிலங்களை மாற்றிவிடுவதில்லை.

இதைப் புரிந்துகொண்டதும் அடுத்த கேள்வி தானே எழுகிறது. வழக்கமான முறையிலேயே மாடு புல் தின்றால் என்ன? நியூசிலாந்திலும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, டாஸ்மேனியா போன்ற பகுதிகளிலும் வழக்கமான பண்ணை மாடுகள் ஆண்டின் பெரும்பகுதி வெளியில் மேய்பவை. 2015இல் பால் அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இத்தகைய ஒப்பீடுகள் பலவற்றையும் மறுபரிசீலனை செய்து எழுதினார்கள். தீவனம், இனம், பருவம், கறவைக் காலம் ஆகியவற்றைச் சமப்படுத்தாமல் இரு முறைகளையும் ஒப்பிட்டால், காண்பது வேளாண் முறையின் விளைவா தீவனத்தின் விளைவா என்று பிரிக்கவே முடியாது என்பதே அவர்கள் கருத்தின் சாரம். 56 விழுக்காடு என்ற எண், பெரும்பாலும் மாடுகளுக்குக் கொட்டிலில் அடர்தீவனம் மிகுதியாகப் போடும் பண்ணைகளோடு ஒப்பிட்டுப் பெற்றது. அதை எடுத்துவந்து, மேய்ச்சல் மாட்டின் பாலைக் குடிக்கும் சிங்கப்பூர் வீட்டில் பொருத்துவது தவறு. இந்தக் குடும்பம் பல ஆண்டுகளாகக் குடித்துவந்த மலிவான முதல் பால், கொழுப்பு அமிலத்தைப் பொறுத்தவரை, இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பாலுக்கு நெருங்கியே இருந்திருக்கக்கூடும்.

இங்கே ஒரு சிறு விலகல். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கெர்பாவ் சாலைக்கும் (கெர்பாவ் என்றால் மலாயில் எருமை) பஃபலோ சாலைக்கும் அந்தப் பெயர்கள் எருமைகளால் வந்தவை. சிராங்கூன் சாலையோரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் செழித்த இடம். கறந்த வீட்டுக்கும் குடிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சாலை மட்டுமே இருந்த நாளில், மாடு என்ன தின்கிறது என்று யாரும் அட்டையைப் புரட்டிப் பார்க்கத் தேவை இருந்ததில்லை. இன்று நாம் குடிக்கும் பாலில் மிகப் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. 'ஆர்கானிக்' என்ற சொல்லை இங்கே விற்கும் உணவின் மேல் அச்சிட, கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு இணங்கிய சான்றளிப்பு வேண்டும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எதிர்பார்க்கிறது. அச்சான்று பண்ணை எப்படி நடத்தப்பட்டது என்பதற்கானது. பாலில் இத்தனை மில்லிகிராம் ஒமேகா-3 இருக்கிறது என்று அது எங்கும் உறுதி சொல்வதில்லை.

விழுக்காட்டின் அடியில் எவ்வளவு?

ஒரு விழுக்காட்டைக் கேட்டதும், எதில் விழுக்காடு என்று கேட்கும் பழக்கத்தை என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது உண்டு. நியூகாசல் ஆய்வாளர்களே இதற்கு விடை தந்திருக்கிறார்கள். அரை லிட்டர் முழுக்கொழுப்பு இயற்கைப் பாலில், மீனில் மிகுந்திருக்கும் நீள்சங்கிலி ஒமேகா-3 ஏறத்தாழ 39 மில்லிகிராமும், வழக்கமான பாலில் 25 மில்லிகிராமும் கிடைக்கும். பரிந்துரைக்கப்படும் நாளளவில் இவை முறையே 16, 11 விழுக்காடு. இடைவெளி 14 மில்லிகிராம். மீன் உண்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கானாங்கெளுத்தியின் ஒரு சிறு துண்டிலேயே இதைப்போல் பன்மடங்கு உண்டு.

மீன் உண்ணாத இந்த வீட்டுக்கு? ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் கொழுப்பு இருபது கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் இந்த அமிலம் அரை விழுக்காடு அளவில் இருந்தால் நூறு மில்லிகிராம். இயற்கை முறையில் அது இன்னும் சில பத்து மில்லிகிராம் உயரலாம். ஒரு தேக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் இருக்கிறது. தோசைப்பொடியில் எள்ளோடு ஆளிவிதையையும் வறுத்து அரைத்துச் சேர்த்தால், பால் தரும் கூடுதலை ஒரே காலையில் எட்டிவிடலாம். மாமியார் அடுத்த வாரமே அதைச் செய்தார். எள்ளின் மணத்தில் அது தெரியவே இல்லை என்று மருமகள் சொன்னார். நீள்சங்கிலி வகையை ஆளிவிதை நேரடியாகத் தராது, உடல் மாற்றிக்கொள்ளும் அளவும் சிறிது என்பதால், கருவுற்ற காலத்தில் நுண்பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ என்னும் நீள்சங்கிலி ஒமேகா-3 மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கும்படியும் சொன்னேன். சிஎல்ஏவைப் பொறுத்தவரை, விலங்குகளிடம் கண்ட நன்மைகள் பாலில் கிடைக்கும் சிறு அளவில் மனிதர்களுக்கும் உண்டு என்று உறுதிப்படவில்லை; அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம் என்றேன்.

யாரும் கேட்காத அயோடின்

இந்த வீட்டில் நான் மிகவும் கவலைப்பட்டது அயோடினைப் பற்றித்தான். கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு செய்யும் இயக்குநீர் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும் என்கிறது. மீன், கடலுணவு, முட்டை, பால், அயோடின் கலந்த உப்பு ஆகியவை இதன் முக்கிய வழிகள். முதல் மூன்றும் இந்த வீட்டில் இல்லை. உப்போ, உடலுக்கு நல்லது என்று எண்ணி வாங்கிய இமயமலை இளஞ்சிவப்பு உப்பு. உறையைத் திருப்பிப் பார்த்ததில் அயோடின் சேர்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. மிஞ்சியது பால் ஒன்றே. அந்தப் பாலைத்தான் அவர்கள் அயோடின் குறைவான வகைக்கு மாற்றியிருந்தார்கள்.

பாலில் அயோடின் இயற்கையாக மிகுந்திருப்பதில்லை. பெரும்பகுதி மனிதன் சேர்த்தது. மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையிலிருந்து ஒரு பங்கும், கறவையின்போது மடிக்காம்பை நனைக்கும் அயோடின் கிருமிநாசினியிலிருந்து ஒரு பங்கும் பாலில் இறங்குகின்றன. இயற்கை முறைப் பண்ணைகள் தாது உப்பையும் அடர்தீவனத்தையும் குறைவாகப் பயன்படுத்துவதால் முதல் வழி சுருங்குகிறது. மேலும், வெள்ளைக் குளோவரில் உள்ள சில பொருள்கள் அயோடின் மடிக்குள் செல்வதைத் தடுக்கின்றன. ஒமேகா-3ஐ ஏற்றும் அதே செடிக் குடும்பம்தான் இங்கே அயோடினை இறக்குகிறது என்பதை நான் முதன்முறை படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தேன். இரண்டும் தனித்தனியான நன்மை, தீமை அல்ல. ஒரே மேய்ச்சல் நிலத்தின் இரு விளைவுகள்.

2012இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்று, கடைகளில் வாங்கிய பாலைச் சோதித்து, இயற்கை முறைப் பாலில் அயோடின் கிலோவுக்கு 144.5 மைக்ரோகிராமும் வழக்கமான பாலில் 249.5 மைக்ரோகிராமும் இருந்ததைக் கண்டது. 42 விழுக்காடு குறைவு. மருமகள் நாளும் உட்கொள்ளும் 450 கிராம் பாலுக்கு இதைப் பெருக்கினால், ஒன்றில் 65 மைக்ரோகிராமும் மற்றதில் 112 மைக்ரோகிராமும் வரும். இவை பிரிட்டனின் எண்கள். இந்த வீட்டுப் பெட்டிகளில் இருந்த பாலை யாரும் ஆய்வகத்தில் சோதிக்கவில்லை. ஆனால் 250 தேவைப்படும் ஒருவருக்கு, வேறு வழியே இல்லாத நிலையில், 47 மைக்ரோகிராம் இடைவெளி சின்னதன்று. ஒமேகா-3இல் கிடைக்கும் 14 மில்லிகிராம் ஆதாயத்தையும் இதையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வழக்கமான பால் இதற்கு நிரந்தர உத்தரவாதம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பால்பண்ணைகள் அயோடின் கிருமிநாசினியிலிருந்து வேறு வகைகளுக்கு மாறியபோது பாலில் அயோடின் குறைந்தது; அந்நாட்டு மக்களிடம் அயோடின் பற்றாக்குறை மீண்டும் தலைகாட்டியதற்கு அதுவும் ஒரு காரணமானது. 2009 முதல் அங்கும் நியூசிலாந்திலும் ரொட்டிக்கு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துவது கட்டாயமாக்கப்பட்டது. அந்த ரொட்டி அங்கேயே தங்கிவிடுகிறது. பால் மட்டும் கப்பலேறி நம்மிடம் வருகிறது.

மூன்றாவது பால்தான் இந்த நிகழ்வின் முரண். அயோடின் பாலின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது. ஒமேகா-3ம் சிஎல்ஏவும் கொழுப்புக்குள் இருப்பவை. இயற்கை முறைப் பாலிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால், அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டவை கொழுப்போடு வெளியேறிவிடுகின்றன; குறைபாடான அயோடின் குறைவு மட்டும் முழுதாகத் தங்கிவிடுகிறது. மூன்று பால்களிலும் மிக அதிக விலை கொடுத்து வாங்கியது அதுவே. இதைக் கேட்டதும் மாமனார் எதுவும் பேசாமல் எழுந்துபோய், அந்தப் புட்டியைத் தட்டின் பின்வரிசைக்கு நகர்த்தினார்.

தயிரும் ஆடையும்

மாமியாரின் சொந்தக் குறை வேறு. இயற்கைப் பாலில் ஆடை படிவதில்லை, தயிரும் நெகிழ்ந்தே தோய்கிறது, இதென்ன இயற்கை என்பது அவர் வாதம். இரண்டுக்கும் வேளாண் முறை காரணமன்று. கொழுப்பு உருண்டைகளை உடைத்துப் பாலெங்கும் சீராகப் பரப்பும் முறையால், காய்ச்சினாலும் பழைய தடிப்பான ஆடை எழுவதில்லை. வழக்கமான பாலிலும் அப்படித்தான். தயிரின் நெகிழ்ச்சிக்கு உயர்வெப்பப் பதப்படுத்தலே முக்கியக் காரணமாக இருக்கலாம். 135 பாகை செல்சியஸுக்கும் மேலே சில நொடிகள் சூடேற்றிய பால், வீட்டில் பொங்கக் காய்ச்சி ஆறவைத்த குளிரூட்டிய பாலைப்போல் இறுகத் தோய்வதில்லை. இரண்டையும் ஒரே இரவில், ஒரே உறைமோரை ஊற்றி, இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். குளிரூட்டிய பாலில் தோய்ந்த தயிர் கரண்டிக்கு நின்றது. அதற்குமேல் அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

ஏ2 பால் இதைவிட நல்லதா என்று மகன் இடையில் கேட்டார். அது பீட்டா கேசீன் என்னும் புரதத்தின் மரபணு வகை. மாட்டின் பிறப்போடு வருவது. தீவனத்தாலோ சான்றிதழாலோ ஏ1 மாடு ஏ2 ஆகாது. இயற்கை முறைப் பண்ணையிலும் இரண்டும் இருக்கலாம்.

மருந்து எச்சங்களைப் பற்றியும் அவர் கேட்டார். வழக்கமான பண்ணையில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்வரை விற்கக் கூடாது. ஐரோப்பிய இயற்கை முறையில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். அமெரிக்க முறையில் அந்த மாடு இயற்கைப் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். மாட்டின் நலன், மண், நீர்நிலை ஆகியவற்றுக்காக இயற்கை முறையைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. அது நியாயமான காரணம்; பாலின் உள்ளடக்கத்தோடு அதைக் குழப்ப வேண்டியதில்லை.

பிறகு நடந்தது

மருமகள் அடுத்த பரிசோதனையின்போது தம் மகப்பேற்று மாத்திரையின் உறையைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினார். அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன, அயோடின் இல்லை. ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வு மன்றம் கருவுற்றவர்களுக்கு நாளும் 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரையைப் பரிந்துரைப்பதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். மருத்துவர் தைராய்டு சோதனையைப் பார்த்துவிட்டு அயோடின் உள்ள மாத்திரைக்கு மாற்றினார். கடற்பாசிப் பொடி வாங்கலாமா என்று மகன் கேட்டபோது, அதில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கக்கூடும், அதுவும் தைராய்டுக்குக் கெடுதி என்று தடுத்தேன். இளஞ்சிவப்பு உப்புக்குப் பதில் அயோடின் கலந்த உப்பு அடுப்படிக்கு வந்தது.

பாலில், முதல் வகையான வழக்கமான முழுக்கொழுப்புப் பால் மருமகளுக்கும் தயிருக்கும் என்று திரும்பி வந்தது. மாமனாருக்குக் கொழுப்பு குறைந்த வழக்கமான பால். ஐரோப்பிய அட்டைப் பெட்டியைக் குடும்பம் முழுவதுமாக விடவில்லை. மாதம் ஒருமுறை, பாயசத்துக்கு என்று, மகன் இன்னும் ஒன்று வாங்கி வருகிறார்.

கடைசி வருகையின்போது மாமியார் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். காலாவதித் தேதியும் சான்று முத்திரையும் கண்ணாடி போடாமலே தெரிகின்றன என்றார். இது மழைக்காலத்துப் புல்லா, பனிக்காலத்துத் தீவனமா என்று எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. "அப்ப காய்ச்சித்தான் பாக்கோணும்" என்று சொல்லி, வெல்லத்தைத் தட்டப் போனார்.